திமித்ரோவின் வழக்குரை

நீதிமன்றத்திலே நின்று ஒருவன் பேசிய பேச்சு இலக்கியமாகுமோ என்று ஐயுறுவார்க்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையே போதிய விடையாகும். ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி பேசியவை மிகச் சிலவே. எனினும் அந்நூலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கண்ணகியின் கையில் சான்று இருந்தது. எதிரே வீற்றிருந்த மன்னனிடம் நாணம் இருந்தது. சான்று மட்டும் இருந்து நாணம் இல்லாவிடின் வழக்குரை யாதாகும் என்பதனை அறிய விரும்புவோர், 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துத் தலைமை நீதிமன்றத்தில் ஜியார்ஜி திமித்ரோவ் என்னும் பல்கேரியர் ஆற்றிய இறுதியுரையைப் படித்தல் வேண்டும்.

அவ்வுரையை யான் ஆங்கிலத்தில் முதன்முதல் படித்தது பள்ளி மாணவனாக இருந்த காலத்தில். அன்று கண் கலங்கினேன். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் இந்நாளில், வயது முப்பத்தைந்தைக் கடந்தபின், மீண்டும் ஒருமுறை படித்தேன். உரையின் வீரியம் சிறிதும் குறையவில்லை. ஆனால் அன்று என் கண்ணில் படாத ஒரு விரிசல் இன்று பட்டது. அவ்விரிசலைப் பற்றி எழுதாமல் அவ்வுரையைப் புகழ்வது நேர்மையாகாது என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

திமித்ரோவ் 1882-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் கொவச்செவ்சி என்னும் சிற்றூரில் ஏழைக் குடியிற் பிறந்தவர். உடன்பிறந்தார் பலர், அவரே மூத்தவர். பன்னிரண்டு வயதிலேயே பள்ளியை விட்டுச் சோபியா நகரத்து அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தாயார் பரஷ்கேவா தம் மகன் பாதிரியாராக வேண்டுமென்று ஆசைப்பட்டார், மகனோ அச்சுக்கோப்பவரானார். பல்கலைக்கழகம் அவருக்கு வாய்க்கவில்லை. பிறர் எழுதிய கையெழுத்துப் பிரதிகளை ஈய எழுத்துக்களில் கோத்துக் கோத்தே மொழியையும் அரசியலையும் கற்றவர் அவர். எழுத்து எழுத்தாகத் தொட்டுப் படித்தவனுக்குச் சொல்லின் எடை தெரியும் என்பதற்கு அவருடைய உரையே சான்று. பிற்காலத்தில் பிரதம மந்திரியான ரதோஸ்லாவோவ் என்பவர் தொழிலாளரை இழித்து எழுதிய கட்டுரை ஒன்றைக் கோக்க அச்சிறுவன் மறுத்தானென்றும், ஆசிரியர் அவ்வரிகளை நீக்க நேர்ந்ததென்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். அவ்வரலாறுகள் பல சர்க்கார் செலவில் எழுதப்பட்டவை. ஆதலின் மெருகு சற்றுக் கூடியிருக்கலாம். ஆனாலும் கதை அம்மனிதரின் இயல்புக்கு மாறானதன்று.

பல்கேரியாவில் 1891-ஆம் ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சி கண்ட திமிதர் பிளகோயெவ் என்பாரே அவருடைய ஆசான். 1903-ல் அக்கட்சி இரண்டாகப் பிளந்தபோது, சமரசத்தை வெறுத்த பிளகோயெவின் அணியில் இளைஞர் திமித்ரோவ் நின்றார். 1906-ல் பெர்னிக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். அவ்வாண்டிலேயே லியுபிட்சா என்னும் செர்பியப் பெண்ணை மணந்தார். அவ்வம்மை தையல் தொழிலாளி, தொழிற்சங்கத்தில் உழைத்தவர், கவிதையும் எழுதியவர். 1913-ல் திமித்ரோவ் சட்டசபை அங்கத்தினரானார். முதல் உலகப் போருக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். 1918-ல் சிறை சென்றார். 1919-ல் அவர்களுடைய கட்சி கம்யூனிஸ்டுக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

1923-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் கசப்பான ஆண்டு. ஜூன் மாதத்தில் குடியானவர் கட்சித் தலைவர் ஸ்டாம்போலீஸ்கியின் சர்க்காரை இராணுவத்தார் கவிழ்த்துக் கொன்றபோது, கம்யூனிஸ்டுகள் அது இரு முதலாளி வர்க்கங்களின் சண்டை என்று கைகட்டி நின்றார்கள். செப்டம்பரில் தாமே கிளர்ந்தெழுந்தபோது காலம் கடந்துவிட்டது. புரட்சி நசுக்கப்பட்டது, கணக்கற்ற குடியானவர் மாண்டனர், திமித்ரோவும் கொலரோவும் எல்லை கடந்து தப்பினர். அவர் இல்லாமலே நடந்த வழக்கில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1925-ல் அவருடைய தம்பி தோதோர் போலீசாரிடம் சிக்கி உயிரிழந்தார். இவ்வளவும் அவருடைய தோள்மீது இருந்தன, அவர் லைப்சிக்கில் எழுந்து நின்றபோது.

வழக்கின் வரலாறு பலரும் அறிந்ததே. 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு பெர்லின் நகரத்து ரைக்ஸ்டாக் என்னும் பாராளுமன்றக் கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. அங்கேயே பிடிபட்டவன் மரினஸ் வான் டெர் லுப்பே என்னும் டச்சுக்காரன். செங்கல் கட்டும் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டுக் கண் பார்வை கெட்டவன். வயது இருபத்து நான்கு. அப்போது பதவியேறி ஒரு மாதமே ஆகியிருந்த ஹிட்லரின் சர்க்கார் இதனைக் கம்யூனிஸ்டுகளின் சதி என்று பறைசாற்றியது. மார்ச் 9-ஆம் நாள், பொய்ப் பெயருடன் பெர்லினில் வாழ்ந்துவந்த திமித்ரோவும், போபோவ், தானெவ் என்னும் இரு பல்கேரியரும் ஓர் உணவு விடுதியில் கைதானார்கள். இவர்கள் லுப்பேயுடன் அங்கே இருக்கக் கண்டதாக விடுதிப் பரிசாரகன் சாட்சி சொன்னான். தீப்பற்றிய இரவிலோ திமித்ரோவ் மியூனிக் நகரிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

சிறையில் சுமார் ஐந்து மாதம் இரவும் பகலும் அவர் கைகளில் விலங்கு பூட்டியிருந்தது. அவர் அங்கே இருக்கையிலேயே, மே மாதத்தில், லியுபிட்சா மாஸ்கோவில் இறந்துபோனார். அவர் கேட்ட வழக்கறிஞர்களை நீதிமன்றம் மறுத்துத் தானே ஒருவரை நியமித்தது. ஆகவே அவர் விலங்கிட்ட கையோடு ஜெர்மன் சட்டப் புத்தகத்தையும் ஜெர்மன் தேசத்து வரலாற்றையும் படித்தார். தமக்குத் தாமே வழக்கறிஞரானார். செப்டம்பர் 21-ஆம் நாள் விசாரணை தொடங்கியது. அவர் ஓயாது கேள்வி கேட்டார். நீதிபதி அவரைப் பலமுறை வெளியேற்றினார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

நவம்பர் 4-ஆம் நாள் கோரிங் சாட்சி சொல்ல வந்தார். பிரஷ்ய நாட்டின் பிரதம மந்திரி அவர். போலீஸ் முழுவதும் அவர் கையில். கைதிக் கூண்டிலிருந்து எழுந்த கேள்விகளைப் பாருங்கள். லுப்பேயின் சட்டைப்பையில் கம்யூனிஸ்டுக் கட்சி அங்கத்தினர் சீட்டு இருந்ததாக நீர் அறிவித்தீர். அவனைப் பிடித்த போலீசாரோ அப்படியொன்றும் இல்லையென்று இம்மன்றத்தில் சத்தியம் செய்தனர். அச்செய்தி உமக்கு எங்கிருந்து கிடைத்தது? தீவைப்பதற்கு முந்தைய இரவை அவன் ஹென்னிக்ஸ்டார்ப் என்னும் ஊரில் கழித்தான். அங்கே அவன் யாரைக் கண்டான் என்று ஆராய நீர் என்ன செய்தீர்? குற்றவாளி இன்ன கட்சியினனே என்று மந்திரியாகிய நீர் முதல் நாளே முடிவு கட்டியதால் விசாரணை வேறு பக்கம் திரும்பாமற் போயிற்றன்றோ? இவற்றில் வசைச்சொல் ஒன்றும் இல்லை, கோஷம் இல்லை. நல்ல கணக்கன் பேரேட்டைப் புரட்டிக் கேட்கும் கேள்விகள் இவை. கோரிங்கோ தாம் மந்திரியேயன்றித் துப்பறிவோன் அல்லர் என்றார். பின்னர் நிதானம் இழந்து, தூக்கில் தொங்க வேண்டியவன் நீ என்று கூச்சலிட்டார். அந்த விடையே தமக்கு மிகவும் திருப்தி என்று திமித்ரோவ் சொன்னார். மன்னனின் நாணத்தைக் கொண்டு வழக்கை வென்றாள் கண்ணகி. மந்திரியின் சினத்தைக் கொண்டே வழக்கை வென்றார் இவர்.

இனி, இறுதியுரைக்கு வருவோம். தம் மொழி கடுமையானதென்று அவரே முதலில் ஒப்புக்கொள்கிறார். தம் வாழ்வும் கடுமையானது, ஆதலின் மொழியும் அப்படியே என்கிறார். காசு வாங்கிய வக்கீலாகப் பேசவில்லை, குற்றம் சாட்டப்பட்ட கம்யூனிஸ்டாகப் பேசுகிறேன் என்கிறார். இந்நுழைவாயில் எளிமையானது. ஆயினும் இதன் பின்னர் வருவதெல்லாம் உணர்ச்சிப் பெருக்கன்று. சாட்சிகளை ஒவ்வொருவராக எடுத்து நிறுத்திப் பிரித்துக் காட்டும் வேலை. நாள், மணி, இடம், பெயர் என்று அடுக்குகிறார். அச்சுக்கோப்பவரின் விரல்கள் அங்கே இயங்குகின்றன.

நம் தமிழர் நெஞ்சை மிகவும் தொடக்கூடியது ஒரு பகுதி. ஜெர்மன் பத்திரிகைகள் அவரைக் காட்டுமிராண்டிப் பல்கேரியன் என்று எழுதியிருந்தன. அதற்கு அவர் அளித்த விடை: ஐந்தாம் சார்ல்ஸ் சக்கரவர்த்தி குதிரைகளோடு பேசுவதற்கே ஜெர்மன் மொழி தகுமென்று கருதிய காலத்துக்கும், ஜெர்மன் பிரபுக்களும் படித்தவர்களும் தாய்மொழிக்கு வெட்கப்பட்டு லத்தீனில் எழுதிய காலத்துக்கும் நெடுநாள் முன்னரே, காட்டுமிராண்டி நாடெனப்பட்ட பல்கேரியாவில் சிரில், மெதோடியஸ் என்போர் வகுத்த எழுத்து பரவியிருந்தது. வெறும் மொழிப்பெருமை பேசினாரென்று இதனைக் கொள்ளலாகாது. எதிரியின் மொழியில், எதிரியின் வரலாற்று நூலிலிருந்தே சான்று எடுத்து, எதிரியின் அவையில் தன் மொழிக்காக நின்ற வாதம் இது. ஆங்கிலப் பள்ளியிற் படித்துவிட்டுத் தமிழில் கடிதம் எழுதத் தடுமாறிய என் போன்றோர் இதனைப் படிக்கும்போது சற்றுக் கூசித்தான் படிக்கவேண்டும்.

சம்மட்டியாவதா, பட்டடைக்கல்லாவதா என்னும் ஜெர்மன் மகாகவி கெதேயின் பாடலை எடுத்தாள்கிறார், கலிலியோவை நினைவூட்டுகிறார். இறுதியில் சான்று போதாமையால் விடுதலை என்று தீர்ப்பெழுதாதீர், குற்றமற்றவர் என்றே எழுதுங்கள் என்று கேட்டதோடு, வீணான காலத்துக்கு நஷ்டஈடும் கேட்டார்! நீதிபதி அவரைப் பேசி முடிக்கவிடவில்லை. காவலர் பிடித்து அமர்த்தினர். டிசம்பர் 23-ஆம் நாள் தீர்ப்பு, சான்று போதாமையால் விடுதலை என்றே வந்தது.

இதுவரை புகழ்ந்தேன். விரிசல் எங்கே? லுப்பேயைப் பற்றி அவர் பேசிய இடத்தில்.

கெதேயின் நாடகத்து ஃபவுஸ்டு, அவனை மயக்கிய மெபிஸ்டோபிலிஸ் என்னும் சாத்தான், இவ்விருவரையும் உவமை காட்டி, இதோ இழிந்த ஃபவுஸ்டு கூண்டில் நிற்கிறான், சாத்தானோ மறைந்துவிட்டான் என்றார் திமித்ரோவ். அவையோர் வியந்திருப்பர். யானும் மாணவனாக வியந்தேன். ஆனால் அந்த உவமைக்கு இரையானவன் யார்? விசாரணை முழுவதும் தலைகுனிந்து மூக்கொழுக அமர்ந்திருந்த ஓர் ஏழைத் தொழிலாளி. நவம்பர் 23-ஆம் நாள் அவன் வாய் திறந்து, தான் ஒருவனே தீவைத்ததாகவும், விசாரணை நீண்டுகொண்டே போவது தாங்கவில்லையென்றும், தீர்ப்பைத் தந்துவிடுமாறும் கேட்டான். அவன் சொல்லை நாஜிகளும் நம்பவில்லை, கம்யூனிஸ்டுகளும் நம்பவில்லை. ஒருவர்க்கு அவன் மாஸ்கோவின் கருவி. மற்றவர்க்கு அவன் கோரிங்கின் கருவி. இன்று வரலாற்றாசிரியருள் மிகப் பலர் அவன் தனியே செய்தான் என்ற முடிவுக்கே வந்துள்ளனர், மறுப்போரும் உளர். எப்படியாயினும், ஒவ்வொரு சாட்சியையும் நூல் பிடித்து அளந்த திமித்ரோவ் இந்த ஒருவன் வார்த்தையை மட்டும் அளக்கவேயில்லை. உவமையால் மூடிவிட்டார். 1934 ஜனவரி 10-ஆம் நாள் லுப்பேயின் தலை வெட்டப்பட்டது. அவனுடைய இருபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன.

இந்த வழக்கை இலண்டனில் தனியே ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டி. என். பிரிட் என்னும் வழக்கறிஞர். அவர் பெயர் நம் நாட்டாருக்குப் புதிதன்று. 1954-ல் சிங்கப்பூரில் 'பஜார்' என்னும் மாணவர் பத்திரிகைமீது இராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, எட்டு மாணவர்களுக்காக வந்து வாதாடி விடுதலை பெற்றுத் தந்தவர் அவரே. அவ்வழக்கில் அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. இத்தகைய பிரிட், 1936-ல் மாஸ்கோவில் ஸ்டாலின் நடத்திய முதல் பெரிய சதி வழக்கைப் பார்த்துவிட்டு, அது நியாயமான விசாரணை என்று நூலெழுதினார்! லைப்சிக்கில் திறந்திருந்த கண் மாஸ்கோவில் மூடிக்கொண்டது. திமித்ரோவின் கதையும் இதுவே. ஆனால் அவர் பார்வையாளராக இருக்கவில்லை.

1934 பிப்ரவரி 27-ஆம் நாள் அவர் விமானமேறி மாஸ்கோ சேர்ந்தார். 1935-ல் கம்யூனிஸ்டு அகிலத்தின் தலைவரானார். பாசிசத்தை எதிர்த்து எல்லாரும் ஒன்றுகூடவேண்டுமென்று அவ்வாண்டு அவர் வகுத்த கொள்கை, 1923-ல் கைகட்டி நின்ற பிழைக்குக் கழுவாய் போன்றது. அதனை மதிக்கிறேன். ஆனால் கைதான நாளிலிருந்து அவர் எழுதிவந்த நாட்குறிப்பு, 1997-ல் பல்கேரியாவிலும் 2003-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. உரையைப் படித்த கையோடு இதனைப் படிப்பவர் திடுக்கிடுவர். எங்கே அந்தக் குரல்? 1937 நவம்பர் 7-ஆம் நாள் விருந்தில் ஸ்டாலின், பகைவரை அவர் கிளையோடும் அழிப்போம் என்று கூறிக் கோப்பை உயர்த்தியதைத் திமித்ரோவ் அப்படியே எழுதிவைக்கிறார். வியப்புமில்லை, வெறுப்புமில்லை. அவருடைய சகாக்கள் வரிசையாகக் கைதாகிறார்கள், பெயர்களைக் குறிக்கிறார். சிலரை மீட்க மனுவும் எழுதினார் என்பதனை மறைத்தல் தகாது. ஆனால் கேள்வி கேட்ட வாய், பிறர் சொன்னதை எழுதும் கையாக மாறிவிட்டது.

இந்த மாற்றம் எனக்குப் புரிகிறது; புரிவதனாலேயே உறுத்துகிறது. தோட்டத்து ஆபீசில் ஒரு தொழிலாளியின்மேல் குற்றச்சாட்டு வந்தால் விசாரணைக் குறிப்பு எழுதுபவன் யான். சில ஆண்டுகளுக்கு முன், உர மூட்டை குறைந்ததென்று ஒரு பெரியவரை நிறுத்தி விசாரித்தார்கள். அவர் கால்மணி நேரம் பேசினார். மூட்டை இறங்கிய நாள், லாரி வந்த நேரம், யார் எண்ணினார் என்பதெல்லாம் சொன்னார். யான் ஆங்கிலத்தில் எழுதியது ஒரே வரி: 'குற்றத்தை மறுக்கிறார்.' பொய்யன்று அது. ஆனால் திமித்ரோவின் நாட்குறிப்பைப் படித்த இரவில் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

கூண்டில் உடன் நின்ற இருவர் என்ன ஆனார்கள்? தானெவ் 1941-ல் போர்க்காலத்தில் மாண்டார். போபோவை 1937-ல் மாஸ்கோவிலேயே கைது செய்தனர். ஜெர்மன் நீதிமன்றம் விடுதலை செய்த அவரைச் சோவியத்து முகாம் பதினேழு ஆண்டுகள் விழுங்கி 1954-ல் உமிழ்ந்தது.

திமித்ரோவ் 1945 நவம்பரில் தாய்நாடு திரும்பி, அடுத்த ஆண்டு பிரதம மந்திரியானார். குடியானவர் கட்சித் தலைவர் நிகோலா பெட்கோவ் அவரை எதிர்த்து நின்றார். பெட்கோவின் தந்தையும் தமையனும் அரசியல் காரணமாகவே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். 1947 ஜூன் 5-ஆம் நாள் சட்டசபையிலேயே அவரைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் சதிக் குற்றம் சாட்டி மரணதண்டனை விதித்தார்கள். செப்டம்பர் 23-ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 1933-ல் உலகத்தார் எழுப்பிய குரல்தான் திமித்ரோவின் உயிரைக் காத்த அரண்களுள் ஒன்று. 1948-ன் தொடக்கத்தில் சட்டசபையில் அவரே, அயலார் தலையிட்டிராவிட்டால் பெட்கோவின் தலை தப்பியிருக்கக்கூடும் என்று பேசினார். எஞ்சிய எதிர்க்கட்சியினருக்கும் அந்த முடிவை நினைவூட்டி எச்சரித்தார். இதனைப் படித்தபோது, கூண்டிலிருந்தவரை மிரட்டிய கோரிங்கின் குரல் வேறெங்கிருந்தோ கேட்பதுபோல் இருந்தது.

காலத்தின் கட்டாயம், பனிப்போர், ஸ்டாலினின் அழுத்தம் என்று சமாதானம் கூறும் அன்பர்கள் உண்டு. அவையெல்லாம் உண்மையே. ஆனால் காலத்தின் கட்டாயத்தை ஏற்க மறுத்ததுதானே லைப்சிக் உரையின் பெருமை? மற்றொரு சாரார் பெட்கோவைக் காட்டி அவ்வுரையே வேடம் என்பர். அதுவும் எனக்கு உடன்பாடன்று. விலங்கோடு ஐந்து மாதம் வேடம் போடுவார் இல்லை. அவ்வுரை மெய். அதிலிருந்த விரிசலும் மெய். தம் கட்சியின் கதைக்குப் பொருந்தாத ஒரு தொழிலாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேளாத பழக்கம் அவ்வுரையிலேயே இருந்தது. அதிகாரம் கைக்கு வந்தபின் அப்பழக்கத்துக்குத் தூக்குமரமும் கிடைத்தது.

திமித்ரோவ் 1949 ஜூலை 2-ஆம் நாள் மாஸ்கோவுக்கு அருகில் இறந்தார். அவர் உடலை வைக்கச் சோபியாவில் ஆறே நாளில் ஒரு பளிங்கு மாளிகை எழுப்பினார்கள். 1999-ல் அதனை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெட்கோவின்மேல் விதித்த தீர்ப்பு 1990-ல் பல்கேரிய நீதிமன்றத்தால் தள்ளுபடியாயிற்று. லுப்பேயின்மேல் விதித்த தீர்ப்பை ஜெர்மானியர் 2007-ல் நீக்கினர்.

லைப்சிக் உரையைத் தமிழில் பதிப்பிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உரைக்கு முன்னே திமித்ரோவின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். பின்னிணைப்பாக நவம்பர் 23-ஆம் நாள் லுப்பே பேசியதையும், போபோவின் நினைவுக்குறிப்பிலிருந்து சில பக்கங்களையும் சேருங்கள். அவர் இறந்த பின்னரே, 1979-ல், பாரிஸில் அச்சேறியது அந்நூல்; லைப்சிக் வழக்கில் தொடங்கிச் சைபீரிய முகாம்களில் முடிகிறது.